விரல் நுனியில் சங்கீதம்

பாரீஸ் நகரில் ஒரு சந்தை. ஆண்டுதோறும் கூடும் சந்தை அது. பொம்மை, பலகாரம், குரங்காட்டம், கயிற்றில் நடப்பது - எல்லாம் அங்கே உண்டு.

1771-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அந்தச் சந்தையில் ஒரு காப்பிக் கடைக்காரர் கூட்டம் சேர்க்க ஒரு தந்திரம் செய்தார். பார்வையற்றோர் சத்திரத்தில் இருந்து சிலரை அழைத்து வந்தார். அவர்களுக்குக் கோமாளி வேஷம் போட்டார். தலையில் கூம்புத் தொப்பி. மூக்கின் மேல் அட்டையில் செய்த பெரிய மூக்குக் கண்ணாடி. கையில் ஆளுக்கு ஒரு பிடில். எதிரே பாட்டுப் புத்தகம். அதையும் தலைகீழாக வைத்தார். அது தெரிய வேண்டும் என்பதற்காக மெழுகுவர்த்தியும் ஏற்றினார்!

அவர்களுக்குப் பிடில் வாசிக்க யாரும் சொல்லிக் கொடுத்தது இல்லை. ஆளுக்கு ஒரு சுருதியில் இழுத்தார்கள். ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கடையில் காப்பி விற்றுத் தீர்ந்தது.

கூட்டத்தில் ஒரே ஒருவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பெயர் வாலண்டின் ஹாயி. ஒரு நெசவாளியின் மகன். வயது 25. பல மொழிகள் கற்றவர். மொழிபெயர்ப்பு வேலை செய்து பிழைத்தவர். இந்த மனிதர்களின் கையில் உண்மையாகவே ஒரு புத்தகம் இருந்தால் என்ன, அதை இவர்கள் உண்மையாகவே படித்தால் என்ன என்ற எண்ணம் அன்று அவர் மனதில் விழுந்தது.

கோவில் வாசலில்

எண்ணம் விழுந்தது. ஆனால் முளைக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.

1784-ம் ஆண்டு, வியன்னா நகரில் இருந்து ஒரு பெண் பாரீசுக்கு வந்தாள். அவள் பெயர் மரியா தெரேசியா பாரடிஸ். சிறு வயதிலேயே பார்வை போனவள். வசதியான குடும்பத்துப் பெண். நல்ல ஆசிரியர்களை வைத்துப் படிக்க வைத்திருந்தார்கள். அவள் பியானோவில் உட்கார்ந்தால் பாரீஸ் சபைகள் வாயடைத்துப் போயின. ஹாயி அவளைச் சந்தித்தார். ஒரு பணக்காரப் பெண்ணுக்கு முடிந்தது ஏழைப் பிள்ளைக்கு ஏன் முடியாது?

பாரீசில் சான் ஜெர்மான் என்று ஒரு பழைய மாதா கோவில் உண்டு. அதன் வாசலில் ஒரு பையன் பிச்சை எடுத்துக்கொண்டு இருந்தான். பெயர் பிரான்சுவா லெசுயர். பார்வை இல்லாதவன். அவன் எடுக்கும் பிச்சைக் காசில்தான் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். படிக்க வா என்றால் எப்படி வருவான்? பிச்சையில் கிடைக்கும் காசை நானே தருகிறேன் என்று ஹாயி ஒப்புக்கொண்டார். அப்படித்தான் முதல் மாணவன் கிடைத்தான். பள்ளிக்கூடத்தில் சம்பளம் கட்டிப் படிப்பதுதான் உலக வழக்கம். இங்கே வாத்தியார் மாணவனுக்குச் சம்பளம் கொடுத்தார்!

எழுத்துகளைக் காகிதத்தில் மேடாக, கைக்குத் தட்டும்படி அழுத்தி அச்சிட்டார் ஹாயி. பையன் தடவிப் பார்த்துப் படித்தான். 1785-ம் ஆண்டில் பள்ளிக்கூடமே பிறந்துவிட்டது. பார்வையற்ற பிள்ளைகளுக்கு என்று உலகில் தோன்றிய முதல் பள்ளிக்கூடம் அதுதான். 1786-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில், வெர்சேல்ஸ் அரண்மனையில் 16-ம் லூயி மன்னர் முன்னிலையில் பிள்ளைகள் தங்கள் படிப்பைக் காட்டினார்கள்.

அந்தப் பள்ளியில் ஆரம்பம் முதலே சங்கீதம் ஒரு முக்கியப் பாடம். காரணம் சாதாரணமானது. கூடை முடைவது, நூல் நூற்பது போன்ற கைத்தொழில்களில் அரை வயிறுதான் நிறையும். மாதா கோவிலில் ஆர்கன் வாசிக்கும் வேலை கிடைத்தால் மாதச் சம்பளம், அதோடு மரியாதை.

ஆர்கன் என்பது என்ன? நம் ஆர்மோனியத்துக்குப் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். காற்றால் ஒலிக்கும் கருவி. சிறு குழல் முதல் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட குழாய் வரை ஆயிரக்கணக்கில் நிற்கும். கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல வரிசை. காலுக்குத் தனியாக மரக் கட்டைகள். வாசிப்பவருக்கு இரண்டு கையும் இரண்டு காலும் ஓயாமல் வேலை.

சேணக்காரர் மகன்

பாரீசுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோ மீட்டர் தூரத்தில் கூப்வ்ரே என்ற கிராமம். அங்கே குதிரைக்குச் சேணம் தைக்கும் ஒரு தொழிலாளி இருந்தார். 1809-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அவன்தான் லூயி பிரெயில்.

மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் விளையாடிய குழந்தை, தோல் குத்தும் ஊசியை எடுத்தது. ஊசி நழுவிக் கண்ணில் பாய்ந்தது. புண் சீழ் பிடித்து மற்றக் கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் இரு கண்ணும் இருண்டுவிட்டன.

பெற்றோர் அவனை மூலையில் உட்கார வைக்கவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு சேர்த்தார்கள். 1819-ம் ஆண்டு, பத்து வயதில், பாரீஸ் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள்.

பள்ளிக் கட்டடம் பழசு. ஈரம் ஊறிய சுவர். வெயில் எட்டிப் பார்க்காத அறைகள். ஆனால் அங்கே சங்கீதம் இருந்தது. லூயி பியானோ பழகினான். வயலினுக்கு அண்ணனான செல்லோ பழகினான். ஆர்கனும் பழகினான்.

1821-ம் ஆண்டில் பள்ளிக்கூடத்தில் ஒரு விழா. பள்ளியைத் தொடங்கிய ஹாயி அப்போது கிழவர். அரசாங்கம் மாறி மாறி வந்ததில் பல ஆண்டுகளுக்கு முன்பே பள்ளியில் இருந்து விலக்கப்பட்டிருந்தார். அவரைத் திரும்ப அழைத்து வந்து உட்கார வைத்து, பிள்ளைகள் பாட்டுப் பாடிக் கவுரவித்தார்கள். லூயிக்கு அப்போது 12 வயது. அடுத்த ஆண்டு ஹாயி இறந்துபோனார்.

கிளிப்பிள்ளைப் பாடம்

சங்கீதம் சொல்லிக் கொடுத்தார்கள், சரி. எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள்?

வாத்தியார் ஒரு வரி வாசிப்பார். பையன் திருப்பி வாசிப்பான். மீண்டும் வாத்தியார். மீண்டும் பையன். காதால் கேட்டு மனதில் ஏற்ற வேண்டும். நம் ஊரிலும் குருமுகமாகக் கற்பது பழைய வழக்கம்தான். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஐரோப்பிய சங்கீதத்தில் ஒரு சிக்கல். அங்கே பாட்டு என்பது இயற்றியவர் எழுதி வைத்தது. இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதியிருக்கும். ஒரே சமயத்தில் நாலைந்து குரல் ஓடும். எழுதியதை மாற்றக் கூடாது.

வாத்தியார் வாசித்துக் காட்டினால்தான் பாடம். வாத்தியார் வராத நாள் பாடம் இல்லை. மறந்துபோனால் யாரிடம் கேட்பது? பள்ளியை விட்டு ஊருக்குப் போனபின் புதுப்பாட்டு கற்பது எப்படி? தானே ஒரு பாட்டு இயற்றினால் அதைக் காகிதத்தில் வைப்பது எப்படி? பார்வையுள்ள ஒருவரின் தயவு இல்லாமல் ஓர் அடி நகர முடியாது.

சாதாரண சங்கீதக் குறிப்பை அப்படியே மேடாக அச்சிட்டும் பார்த்தார்கள். ஐந்து கோடு. கோட்டின் மேல் முட்டை. முட்டைக்கு வால். கண்ணுக்கு இது ஒரு நொடி வேலை. விரலுக்கோ காடு மாதிரி. விரல் கோட்டைத் தடவுவதா, முட்டையைத் தடவுவதா?

கண் போனால் காது கூர்மையாகும், சங்கீதம் தானாக வரும் என்று சொல்லுவார்கள். அந்தப் பேச்சை அப்படியே நம்பிவிடக் கூடாது. சாதகம் செய்யாத காதுக்கு எதுவும் வராது. சந்தையில் பிடில் பிடித்த அந்தப் பாவப்பட்டவர்களுக்கும் காது இருக்கத்தான் இருந்தது, கற்பித்தவர்தான் இல்லை.

ஆறு புள்ளி

அந்தச் சமயத்தில் சார்லஸ் பார்பியர் என்ற ராணுவ அதிகாரி பள்ளிக்கு ஒரு புது எழுத்தைக் கொண்டுவந்தார். மேடான புள்ளிகளால் ஆன எழுத்து அது. கோட்டைவிடப் புள்ளி விரலுக்குச் சுலபமாகப் பட்டது. ஆனால் ஓர் எழுத்துக்குப் பன்னிரண்டு புள்ளி வரை வந்தது. விரல் நுனி ஒரே தொடலில் அதை அளக்க முடியவில்லை. சங்கீதத்துக்கு அதில் இடமே இல்லை.

லூயி பிரெயில் அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். பகலெல்லாம் பாடம், ஓய்ந்த நேரத்தில் காகிதமும் ஊசியும். பன்னிரண்டை ஆறு ஆக்கினான். மேலே இரண்டு, நடுவே இரண்டு, கீழே இரண்டு - அவ்வளவுதான். ஒரு விரல் நுனிக்குள் அடங்கிவிடும். 1824-ம் ஆண்டில் அடிப்படை வேலை முடிந்தபோது அவனுக்கு வயது 15!

1829-ம் ஆண்டு அது புத்தகமாக வந்தது. அதன் பெயரைக் கவனிக்க வேண்டும். "சொற்களையும், சங்கீதத்தையும், கோவில் பாட்டுகளையும் புள்ளிகளால் எழுதும் முறை" என்று பொருள்படும் பெயர். பிரெயில் எழுத்து என்றால் இன்று படிப்பு ஞாபகம்தான் வருகிறது. பிறந்தபோதே சங்கீதமும் அதோடு கூடப் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது.

அந்த இசை எழுத்தைப் பின்னர் அவரே திருத்தினார். இன்று உலகம் முழுவதும் வழங்குவது அந்த முறைதான். அது எப்படி வேலை செய்கிறது?

நமக்கு ச ரி க ம ப த நி. அவர்களுக்கு டோ ரே மி பா சோல் லா சி. ஆறு புள்ளிகளில் மேலே உள்ள நாலு புள்ளிகளும், இது எந்தச் சுரம் என்று சொல்லும். உதாரணமாக, மேல் இரண்டு புள்ளிகளும் நடுவில் வலது புள்ளியும் இருந்தால் அது டோ.

கீழே உள்ள இரண்டு புள்ளிகள், சுரத்தை எவ்வளவு நேரம் நீட்டுவது என்று சொல்லும். கீழே புள்ளியே இல்லை என்றால் ஒரு பங்கு நேரம். வலது புள்ளி வைத்தால் இரண்டு பங்கு. இடது புள்ளி வைத்தால் நாலு பங்கு. இரண்டும் வைத்தால் எட்டுப் பங்கு.

ஐந்து கோடும் போயிற்று. முட்டையும் வாலும் போயிற்று. எந்தச் சுரம், எவ்வளவு நேரம் - இரண்டையும் விரல் ஒரே தொடலில் அறிந்துவிடும். மேல் ஸ்தாயியா, கீழ் ஸ்தாயியா என்பதற்குச் சுரத்தின் முன்னால் ஒரு சின்ன அடையாளம் உண்டு.

தோல் குத்தும் ஊசி பறித்துக்கொண்டதை, காகிதம் குத்தும் ஊசி கொஞ்சம் திருப்பிக் கொடுத்தது.

ஒரு கை படிக்கும், ஒரு கை வாசிக்கும்

இதில் ஒரு தொல்லை இருக்கிறது. கண்ணால் படிப்பவருக்கு இரண்டு கையும் காலி. விரலால் படிப்பவருக்கு? படிக்கும் கையால் வாசிக்க முடியாதே!

அதனால் மாணவன் இடது கையால் புள்ளிகளைத் தடவியபடி வலது கைப் பகுதியை வாசிப்பான். நாலு அளவு, எட்டு அளவு மனதில் ஏறும் வரை அப்படி. பிறகு கை மாற்றி, வலது கையால் படித்து இடது கைப் பகுதியை வாசிப்பான். பிறகு இரண்டையும் சேர்ப்பான். ஆர்கன் என்றால் காலையும் சேர்க்க வேண்டும். ஒரு பக்கம் முடிய ஒரு பொழுது ஆகும். ஆனால் முடிந்தபோது முழுப்பாட்டும் மனப்பாடம் ஆகியிருக்கும். மேடையில் பக்கம் புரட்ட ஆள் வேண்டாம்!

இந்த உழைப்புக்கு முன்னால், நாலு நாள் வாசித்துவிட்டு வரவில்லை என்று ஆர்மோனியத்தை மூடிவைக்கும் கண்ணுள்ள பிள்ளைகளை என்ன சொல்வது?

பிரெயில் அந்தப் பள்ளியிலேயே ஆசிரியர் ஆனார். கணக்கும் சரித்திரமும் சங்கீதமும் கற்பித்தார். 1834-ம் ஆண்டு முதல் பாரீசின் சான் நிக்கொலா கோவிலில் ஆர்கன் வாசித்துச் சம்பளம் வாங்கினார்.

பியானோவைப் பிரித்தவர்

அதே பள்ளியில் கிளாது மோந்தால் என்று ஒருவர். 1800-ம் ஆண்டில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே நோயால் பார்வை போய்விட்டது. படித்து முடித்து அங்கேயே ஆசிரியராக இருந்தார்.

பள்ளிப் பியானோக்களுக்குச் சுருதி கூட்ட வெளியில் இருந்து ஓர் ஆள் வருவார். அவர் செய்வது மோந்தாலின் காதுக்குப் போதவில்லை. தாமே திருகிப் பார்த்தார். வந்த ஆள் நிர்வாகியிடம் புகார் செய்தார். கண் தெரியாதவர் பியானோவில் கை வைக்கக் கூடாது என்று தடை போட்டார்கள்.

மோந்தால் விடவில்லை. பார்வையற்ற நண்பர் ஒருவருடன் சேர்ந்து ஒரு பழைய பியானோவைப் பிடித்தார். அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார்கள். தடவித் தடவிப் பழுது பார்த்துத் திரும்பப் பூட்டினார்கள். வாசித்தால் நன்றாக ஒலித்தது! பள்ளிக் கருவிகளை எல்லாம் பார்க்கும் பொறுப்பை நிர்வாகம் அவர்களிடமே கொடுத்துவிட்டது.

ஒரு பியானோவில் 200-க்கும் மேற்பட்ட தந்திகள். பெரும்பாலான கட்டைகளுக்கு மும்மூன்று தந்தி. மூன்றும் ஒரே குரலில் நிற்க வேண்டும். அணு அளவு விலகினாலும் ஓசை அலை அலையாக நடுங்கும். அந்த நடுக்கம் நிற்கும் வரை முறுக்க வேண்டும். கண்ணுக்கு அதில் வேலை குறைவு. காதுக்கும் மணிக்கட்டுக்கும்தான் வேலை.

மோந்தால் வெளியே வந்து தொழில் தொடங்கியபோது பாரீஸ் சிரித்தது. கண் தெரியாதவரிடம் விலை உயர்ந்த பியானோவைக் கொடுப்பதா? பெரிய வித்துவான்கள் சிலர் துணிந்து கொடுத்தார்கள். வேலையைப் பார்த்தபின் சிரிப்பு நின்றது. 1836-ம் ஆண்டு சுருதி கூட்டும் கலையைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். பிறகு சொந்தமாகப் பியானோவே தயாரித்தார். அதன்பின் இங்கிலாந்து, அமெரிக்கா முதலான பல நாடுகளில் பார்வையற்றோர் பள்ளிகள் பியானோ சுருதி கூட்டும் தொழிலைப் பாடமாக வைத்தன. எத்தனையோ குடும்பங்கள் அதில் சாப்பிட்டன.

நெருப்பில் போட்ட புத்தகங்கள்

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டு இருந்தபோது இடி விழுந்தது. 1840-ம் ஆண்டு பள்ளிக்குப் புதுத் தலைவர் வந்தார். அவர் பெயர் துபோ. அவருக்குப் புள்ளி எழுத்து பிடிக்கவில்லை.

அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. பெற்ற தாய்க்குக்கூடப் படிக்கத் தெரியாத எழுத்தைப் பிள்ளைக்குக் கற்பித்தால், அவன் உலகத்தில் இருந்து பிரிந்துவிட மாட்டானா? எல்லோரும் படிக்கும் எழுத்தையே மேடாக அச்சிட்டுக் கற்பிக்கலாம் என்பது அவர் கட்சி. அதற்குப் பிரெயிலே 1839-ல் பதில் சொல்லியிருந்தார். சாதாரண எழுத்துகளின் வடிவத்தையே புள்ளிகளால் குத்தி எழுத ஒரு முறை செய்து, பார்வையற்ற பிள்ளை வீட்டுக்குக் கடிதம் எழுத வழி செய்திருந்தார்.

துபோ கேட்கவில்லை. பள்ளியில் இருந்த பழைய புத்தகங்களைக் கொளுத்தினார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். புள்ளி எழுத்தைத் தடை செய்தார்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள்? பின்னல் ஊசி, முள்கரண்டி, ஆணி என்று கையில் கிடைத்ததைக் கொண்டு இரவில் ரகசியமாகப் புள்ளி குத்தினார்கள். வாத்தியார் இல்லாமல் தானாகப் படிக்கும் ருசியைக் கண்ட விரல்கள் அவை. அதைப் பிடுங்க எந்தத் தலைவரால் முடியும்?

துபோவின் உதவியாளர் குவாதே என்பவர் இதைக் கவனித்தார். மெல்ல மெல்லத் தலைவரின் மனதை மாற்றினார். 1844-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் புதிய கட்டடத் திறப்பு விழா நடந்தது. அங்கே பிரமுகர்கள் முன்னிலையில் பிள்ளைகள் புள்ளி எழுத்தில் எழுதியும் படித்தும் காட்டினார்கள். தடை ஒழிந்தது. அந்தக் கட்டடத்தில்தான் இன்றும் அந்தப் பள்ளி இருக்கிறது.

பிரெயில் விழாவில் இருந்தார். ஆனால் பழைய கட்டடத்தின் ஈரத்தில் பிடித்த காசநோய் அவரைத் தின்றுகொண்டு இருந்தது. 1852-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி இறந்தார். 43 வயது முடிந்து இரண்டே நாள். அரசாங்கம் அவர் எழுத்தை ஏற்றது, அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து!

1952-ம் ஆண்டு அவர் உடலைத் தோண்டி எடுத்து, பிரான்சு நாட்டின் பெரியவர்கள் உறங்கும் பந்தியோன் மண்டபத்தில் வைத்தார்கள். கூப்வ்ரே கிராமத்தார் கைகளை மட்டும் விடவில்லை. அவை இன்றும் அந்த ஊரில்தான் இருக்கின்றன. தமிழ் உட்பட உலகத்தின் எத்தனையோ மொழிகள் இன்று அந்த ஆறு புள்ளிகளில் எழுதப்படுகின்றன.

கோவிலுக்கு உள்ளே

பள்ளியின் சங்கீத வகுப்பு மட்டும் ஓயவே இல்லை. ஒரு கல் தச்சரின் மகன் ழான் லாங்லே, இரண்டு வயதில் பார்வை இழந்தவர், பத்து வயதில் அங்கே சேர்ந்தார். பிற்காலத்தில் உலகம் அறிந்த இசை அமைப்பாளர் ஆனார்; அதே பள்ளியில் ஏறக்குறைய நாற்பது ஆண்டு கற்பித்தார்.

ஆந்திரே மார்ஷல் என்பவரும் அந்தப் பள்ளி மாணவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். 1915-ம் ஆண்டு அவருக்கு ஒரு கோவிலில் ஆர்கன் வேலை கிடைத்தது. எந்தக் கோவில் தெரியுமா? சான் ஜெர்மான். லெசுயர் என்ற பையன் வாசலில் உட்கார்ந்து பிச்சை எடுத்தானே, அதே கோவில்! முப்பது ஆண்டு அவர் அங்கே வாசித்தார்.

பாரீசிலேயே பெரிய பதவி நோத்ர தாம் மாதா கோவில் ஆர்கன். ஐந்து வரிசைக் கட்டைகள் கொண்ட பிரம்மாண்டமான கருவி. 1900-ம் ஆண்டு போட்டி வைத்து ஆள் எடுத்தார்கள். வென்றவர் லூயி வியர்ன். பிறக்கும்போதே கண்ணில் புரை. சிகிச்சை செய்ததில் ஓரளவு மங்கலாகத் தெரிந்தது. 1881-ல் அந்தப் பள்ளியில் சேர்ந்து படித்தவர். இளமையில் பெரிய தாளில் கொட்டை கொட்டையாகச் சங்கீதக் குறிப்பு எழுதுவார். பார்வை மேலும் மங்கியபின் பிரெயில் புள்ளிக்கு வந்துவிட்டார்.

37 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். 1937-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி அவருடைய 1750-வது கச்சேரி. கோவில் நிறைந்த கூட்டம். எழுதிய உருப்படிகள் முடிந்தன. கடைசியில், சபையார் கொடுக்கும் ஒரு சிறு மெட்டை வைத்து அங்கேயே கற்பனையாக வாசிக்க வேண்டும். மெட்டைப் பிரெயில் புள்ளிகளில் எழுதிக் கொடுத்தார்கள். வியர்ன் விரலால் தடவிப் படித்தார். எந்தக் குழாய்கள் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்தார்.

அப்படியே முன்னால் சாய்ந்து விழுந்தார். மாரடைப்பு. விழும்போது அவர் கால் ஒரு மிதி கட்டையின் மேல் பட்டது. கீழே உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு எதுவும் தெரியாது. ஒரே ஒரு கீழ்ச்சுரம் மட்டும் கோவில் முழுவதும் ஒலித்துக்கொண்டு இருந்தது.